நடை திறக்கும் வேளை

மணப்பந்தலில் அமர்ந்திருந்த நம்பியாரூரர் முன் முதிய வேதியர் ஒருவர் வந்து நின்றார். கையில் ஓர் ஓலை. "இவன் எனக்கு அடிமை" என்பது அவருடைய வழக்கு. அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவதைக் கேட்டறியாத நம்பியாரூரர், வந்தவரைப் பித்தர் என்று ஏசினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையில் முடிந்து, முதியவர் யார் என்பது விளங்கியபோது, எதைச் சொல்லிப் பாடுவது என்று அறியாமல் திகைத்து நின்றார் வன்தொண்டர். தன்னை ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. ஏச்சாக எறியப்பட்ட சொல் அன்று ஈசனின் திருநாமம் ஆயிற்று.

சன்னிதியில் ஓதுவார் அச்சொல்லை எடுத்துப் பாடும்போது கேட்பவர் நெஞ்சம் கசிகிறது. கோபுர வாசலைக் கடந்து தெருவுக்கு வந்ததும் அது வேறொன்றாகிவிடுகிறது. அண்டை அயலார் ஒரு வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அதைச் சொன்னால் தாயின் தலை கவிழ்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் அண்ணனின் நோய் மறைக்கப்படுகிறது. மருத்துவமனையில் சேர்த்த செய்தி, "வெளியூர் போயிருக்கிறான்" என்ற பொய்யால் மூடப்படுகிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் பகுதியின் பெயரே கேலிச் சொல்லாகப் புழங்கியது. அந்த வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அங்கே இருப்பது ஓர் அரசு மருத்துவமனை. அதன் உயர்ந்த மதிலைப் பார்த்துச் சிரித்தவர் பலர். மதிலுக்குள் நோயுற்ற ஓர் உயிர் எப்படிப் பேணப்படுகிறது, எப்படிப் பேணப்பட வேண்டும் என்று கேட்டவர் சிலரே.

மதிலுக்குள் ஒரு வரலாறு

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் ஒருவர் புரசைவாக்கத்தில் நடத்திய விடுதியே அதன் வித்து. 1871-இல் அது இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. நோயாளிகளை அடைத்து வைக்கும் இடம் என்ற பொருள்படும் பழைய பெயர் நீங்கி, மனநல மருத்துவமனை என்ற பெயர் 1922-இல்தான் கிடைத்தது. பெயர் மாறவே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நோக்கு மாறுவதற்கு இன்னும் சில தலைமுறைகள் தேவைப்பட்டன.

அந்த மாற்றத்தில் பெரும் பங்கு மருத்துவர் சாரதா மேனன் அவர்களுடையது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் அவர், 1959-இல் அங்கே பணியில் சேர்ந்து, 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளி என்பவர் கட்டிலில் கிடந்து காலம் கழிக்க வேண்டியவர் அல்லர் என்பது அவருடைய உறுதி. கைத்தொழிலையே சிகிச்சையின் பகுதியாக்கும் முயற்சிகள் அவர் காலத்தில் வேர்விட்டன. ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. மனச்சிதைவு நோயுற்றோரின் மறுவாழ்வுக்காக 1984-இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2021 டிசம்பரில் தமது 98-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் ஊன்றிய விதை எதுவரை வளர்ந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 2019 மக்களவைத் தேர்தலின்போது கீழ்ப்பாக்கம் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைக்கப்பட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உள்நோயாளிகள் வாக்காளர்களாகப் பதிவு பெற்றிருந்தனர். ஊரார் கேலி செய்த மதிலுக்குள், விரலில் மை வைத்துக்கொண்டு, நாட்டை ஆள்வது யார் என்பதில் தம் கருத்தைச் சொன்னார்கள் அவர்கள்.

பூட்டு எதற்கு?

இத்தகைய மருத்துவமனைகளில் எல்லா வார்டுகளும் ஒரு வகைப்பட்டவை அல்ல. சிலவற்றின் கதவு திறந்தே இருக்கும். சிலவற்றின் கதவு பூட்டப்பட்டிருக்கும். தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர், காதில் விழும் குரல்களுக்கு அஞ்சி நள்ளிரவில் சாலையில் ஓடுபவர், பிறரைப் பகைவராகக் கண்டு தாக்கக்கூடியவர், நீதிமன்றம் வழி வந்தவர், சிறையிலிருந்து சிகிச்சைக்காக மாற்றப்பட்டவர் ஆகியோரைச் சில காலம் காவலுக்குள் வைத்தே பேண வேண்டியிருக்கிறது. கருணை என்ற பெயரால் அந்தக் கதவைத் திறந்து விட்டுவிட்டால் ஓர் உயிர் போகலாம். பூட்டே தவறு என்று சொல்லிவிட முடியாது.

பூட்டு அறமாவதும் பாவமாவதும் எதைப் பொறுத்தது என்பதற்கு விடை கோயிலிலேயே இருக்கிறது. அர்த்தசாம பூசை முடிந்ததும் நடை சாத்தப்படுகிறது. அதை யாரும் சிறை என்று சொல்வதில்லை. உள்ளே விளக்கு எரிகிறது. சாத்தியவர் யார், எதற்காகச் சாத்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும். விடியலில் திருப்பள்ளியெழுச்சியோடு நடை திறக்கும் என்பதும் தெரியும். சாத்துவதே திறப்பதற்காகத்தான்.

பூட்டிய வார்டுக்கும் அளவுகோல் இதுவே. எதற்காக அடைத்திருக்கிறார்கள் என்பது உள்ளிருப்பவருக்குச் சொல்லப்பட்டதா? உள்ளே அவர் பேணப்படுகிறாரா? கதவு என்றைக்குத் திறக்கும் என்ற கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறதா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால் அது மருத்துவமனை. ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால் அது வெறும் கொட்டடி.

உலகம் கற்ற பாடம்

இந்தப் பாடத்தை உலகம் எளிதில் கற்கவில்லை. பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். 1797-இல் அந்தச் சங்கிலிகளை அகற்றியவர் ழான்-பப்திஸ்த் புசேன். அவர் மருத்துவர் அல்லர். கண்டமாலை நோயோடு அதே மருத்துவமனைக்கு வந்து, குணமாகி, அங்கேயே பணியாளராகி, மேற்பார்வையாளராக உயர்ந்தவர். நோயாளியை அடிக்கக் கூடாது என்று பணியாளர்களுக்குக் கட்டளையிட்டார். குணமடைந்தவர்களையே பணிக்கு அமர்த்தினார். துன்பத்தின் உட்புறத்தை அறிந்தவர் கை அடிக்க ஓங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். புகழ்பெற்ற மருத்துவர் பினேல், மனநோய்ச் சிகிச்சையில் இந்த எளிய மனிதரிடம் கற்றவர்.

இங்கிலாந்தின் யார்க் நகரில், வில்லியம் டியூக் என்ற வணிகரின் முயற்சியால் 1796-இல் ஒரு மனநல இல்லம் திறக்கப்பட்டது. நோயாளிகள் வெளியேறிவிடாத பாதுகாப்பு அங்கேயும் தேவைப்பட்டது. சன்னல்களுக்குக் கம்பி போடவில்லை. சன்னல் சட்டங்களையே இரும்பில் வார்த்து, சாதாரண வீட்டு மரச் சன்னல்போல் தோன்றும்படி அமைத்தார்கள். காவல் குறையவில்லை; சிறையின் முகம் மட்டும் மறைந்தது. தோட்டத்தில் முயலும் கோழியும் வளர்க்கப்பட்டன. பராமரிக்க ஒரு சிற்றுயிர் இருந்தால் கலங்கிய மனமும் நிலைகொள்ளத் தொடங்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

லண்டனை அடுத்த ஹான்வெல் மருத்துவமனையில் 1839-இல் பொறுப்பேற்ற ஜான் கொனோலி, சில மாதங்களுக்குள் கைவிலங்கு, கட்டுவார் முதலிய எல்லாக் கருவிகளையும் கைவிட்டார். இதைச் சிறு இல்லத்தில் மட்டுமே செய்ய முடியும் என்று சொல்லிவந்தவர்கள் வாயடைத்தார்கள். ஹான்வெல்லில் இருந்த நோயாளிகள் சுமார் 800 பேர்.

ஏர்வாடி தந்த கண்ணீர்

உலகின் மற்றொரு மூலையில் இது நடந்து 160 ஆண்டுகள் கடந்த பின்னும் தமிழகத்தில் சங்கிலி இருந்தது. எல்லாச் சமயத்தாரும் நம்பிக்கையோடு நாடும் தர்கா அமைந்த ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. கூரைக்கொட்டகை பற்றி எரிந்தபோது உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் செய்வதறியாத பெற்றோர், உடன்பிறந்தோர். பிணைத்தவர்களும் பாதுகாப்புக்கென்றே பிணைத்திருக்கக்கூடும். ஆயினும் சாவி யார் கையில் இருந்தது, ஆபத்து வந்தால் திறப்பவர் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமமின்றி நடந்த விடுதிகள் மூடப்பட்டன.

2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்ற எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடுத்தது. தனிமைச் சிறை கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவதும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே நடக்கலாம். காரணமும் நேரமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். தண்டனையாக அதைச் செய்யக் கூடாது. பணியாட்கள் குறைவு என்பதும் காரணமாகாது.

அதே சட்டத்தில் கோயிலுக்குச் செல்வோர் மனத்தைத் தைக்கும் ஒரு விதி இருக்கிறது. நோயாளியின் தலையைக் கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்கிறது அது. பழனியிலும் திருப்பதியிலும் பக்தர் தலை குனிந்து முடி காணிக்கை தருகிறார். அகந்தையை இறைவன் காலடியில் இறக்கி வைத்த நிறைவோடு எழுகிறார். பேன் பிடிக்கும் என்ற காரணத்துக்காக, கையைப் பிடித்து அமர்த்தி, ஒரு பெண்ணின் கூந்தலை மழித்தால் அங்கே இறங்குவது அகந்தையன்று, அவளுடைய மானம். கத்தி ஒன்றே. மனமுவந்து கொடுத்ததா, வலிந்து பறித்ததா என்பதே புண்ணியத்தையும் பாவத்தையும் பிரிக்கிறது. விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம், வழிபாட்டுக்கு வசதி வேண்டும், செய்த வேலைக்குக் கூலி வேண்டும் என்பவையும் அச்சட்டம் தந்த உரிமைகளே.

வார்டின் ஒரு நாள்

சட்டம் கதவின் அளவைச் சொல்லும். கதவுக்குப் பின்னால் நடப்பது மனிதர்களின் கையில் இருக்கிறது.

பாதுகாப்பு வார்டில் ஒருவர் சேரும் முதல் மணி நேரமே பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கழுத்தைச் சுற்றக்கூடிய எதையும் வார்டுக்குள் விட இயலாத நிலை வரலாம். பூணூல், அரைஞாண், உருத்திராட்ச மாலை, சில வேளைகளில் தாலிக் கயிறும் இதில் அடங்கும். "கழற்று" என்ற ஒரு சொல்லோடு அதைப் பறிப்பது எளிது. நல்ல செவிலியர் அப்படிச் செய்வதில்லை. தம் பெயரைச் சொல்கிறார். "உங்களை எப்படி அழைக்கட்டும், அம்மா?" என்று கேட்கிறார். எதற்காகக் கழற்ற வேண்டியிருக்கிறது என்று விளக்குகிறார். உடன் வந்தவர் கையில் அதைக் கொடுக்கச் செய்கிறார். யாரும் வரவில்லையென்றால் அவர் கண்முன்னே பொட்டலமாக்கிப் பெயரெழுதி, பதிவு செய்து, பெட்டகத்தில் வைக்கிறார். வீடு திரும்பும் நாளில் அது கைக்கு வரும் என்று சொல்கிறார். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'நீ வீடு திரும்புவாய்' என்ற உறுதியும் இருக்கிறது.

கோபம் பொங்கிய ஒருவர் கத்தத் தொடங்கினால் நான்கு பேர் சூழ்ந்துகொள்வது எரியும் தீயில் நெய் வார்ப்பதாகும். பயிற்சி பெற்ற வார்டில் ஒருவர் மட்டுமே பேசுவார். இரண்டு கை தூரம் விட்டு நிற்பார். வெளியேறும் வழியை மறித்து நிற்கமாட்டார். குரலைத் தாழ்த்துவார். "தண்ணீர் வேண்டுமா? கொஞ்சம் காற்றாட உட்காருவோமா?" என்று ஏற்கவும் மறுக்கவும் இடமுள்ள கேள்விகளைக் கேட்பார். சிறிய அளவிலேனும் தெரிவு செய்யும் உரிமை மீண்டதும் பலருடைய கோபம் தணிகிறது.

தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு அருகே ஒரு செவிலியர் இரவு முழுவதும் விழித்திருக்கிறார். சிவராத்திரிக்கு ஆண்டில் ஓர் இரவு கண் விழிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அவருக்கு அது மாதத்தில் பல இரவுகள். வெறுமனே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது காவல். தூக்கம் வராமல் புரள்பவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் அதுவே சிகிச்சை.

"நானே முருகன், எனக்கு எதற்கு மாத்திரை?" என்று கேட்கும் இளைஞனும் வார்டில் உண்டு. பணியாளர் சிலர் சிரித்துவிடுவார்கள். பக்தியுள்ள உறவினர் சிலர், உண்மையாகவே அருள் வந்துவிட்டதோ என்று மயங்கி மருந்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டும் அவனுக்குத் தீங்கு. தேர்ந்த மருத்துவர் அவனோடு வாதிடுவதில்லை, ஆமோதிப்பதும் இல்லை. "இரவில் தூக்கம் வருகிறதா? பயமாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். பல இரவுகள் உறங்கவில்லை என்ற உண்மை அப்போது வெளிவருகிறது. வழிபாடு மனத்தை விரிக்கும், உறவை வளர்க்கும். உறக்கத்தையும் உணவையும் உறவையும் தின்று ஒருவரை அச்சத்துக்குள் தள்ளுவது நோய். நோய்க்கு மருந்து கொடுப்பதால் பக்திக்கு எந்தக் குறைவும் வருவதில்லை.

கல்லில் எழுதிய கருணை

இவையெல்லாம் நல்ல மனம் இருந்தால் மட்டும் நடந்துவிடுமா? ஒரே செவிலியர் அறுபது பேரைப் பார்க்க வேண்டியிருந்தால் எந்தக் கருணையும் நண்பகலுக்குள் வற்றிப்போகும். இதைத் தமிழ்நாட்டு மன்னர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வாலாஜாபாத்துக்கு அருகிலுள்ள அக்கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 11-ஆம் நூற்றாண்டில் அங்கே இயங்கிய 'வீரசோழன்' ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. அது மனநோய்க்கென அமைந்ததன்று. கோயிலைச் சார்ந்து வாழ்ந்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமான பொது மருத்துவமனை. வியப்பளிப்பது அதன் கணக்கு. நோயாளிகளுக்கு 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பேணப் பெண்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்ற வரையறை. நோயாளிக்கு நாள்தோறும் அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய்.

'நோயுற்றோரிடம் அன்பு காட்டுக' என்ற ஒற்றை வரியோடு அந்தக் கல்வெட்டு நிற்கவில்லை. இருளில் நோயாளி அஞ்சக் கூடாது என்பதற்கு எண்ணெய்க் கணக்கு எழுதினார்கள். பேணுபவர் பசித்திருந்தால் பேண முடியாது என்பதற்கு நெல்லின் அளவு எழுதினார்கள். மருத்துவமனைக்கு நன்கொடை தர விரும்பும் இன்றைய பக்தர்களுக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு. திருவிழா நாளில் ஒரு வேளை விருந்து அனுப்புவது நன்று. வார்டில் எது குறைகிறது என்று கேட்டு, மாற்றுடையோ போர்வையோ செருப்போ அதை ஆண்டு முழுவதும் தருவது அதனினும் நன்று.

கோயிலும் மருந்தும்

மனநோய் கண்டதும் பல குடும்பங்கள் முதலில் கோயிலைத்தான் நாடுகின்றன. திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இப்போது அக்கோயிலை ஒட்டி, அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் செயல்படுகிறது. தீர்த்தமும் மாத்திரையும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன.

கோயிலில் தங்குவதால் பயன் உண்டா என்பதை மருத்துவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் இரகுராம் முதலானோர், தமிழகத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே சிறப்பான சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. உடன் ஓர் உறவினர் தங்கினார். அச்சுறுத்தாத சூழல் இருந்தது. கோலம் போடுதல், பெருக்குதல், செடிக்கு நீர் ஊற்றுதல் போன்ற சிறு பணிகளில் நோயாளியும் பங்கேற்க இடமிருந்தது. சிலரை மட்டும் கண்ட சிறிய ஆய்வு அது. மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு அது சான்றாகாது. அச்சமற்ற இடமும் அருகில் ஓர் உறவும் நோயாளிக்கு எவ்வளவு தேவை என்பதற்கு அது சான்று.

கடைசிப் பூட்டு

இந்த உண்மையை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்கள் இந்திய மருத்துவர்களே. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950-களில் மருத்துவர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியபோது, உறவினர் உடனிருப்பதையே முறையாகக் கொண்டது. நோய் என்ன, மருந்து ஏன், எந்த அறிகுறி தோன்றினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பதை உறவினர் கண்ணெதிரே கற்றார்கள். கற்றவர்கள் அஞ்சவில்லை. அஞ்சாதவர்கள் அழைத்துச் சென்றார்கள்.

இங்கேதான் கடைசிப் பூட்டு வருகிறது. நாட்டின் பழைய பெரிய மனநல மருத்துவமனைகளில், நோய் தணிந்த பின்னும் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்களை அங்கே நிறுத்தியிருப்பது நோயன்று. கொடுத்த முகவரியில் ஆள் இல்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. தொலைபேசி எண் மாறிவிட்டது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவருக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு வீட்டின் வாசற்கதவைத் திறக்க முடியாது. மருத்துவமனையின் சாவியைப் பொறுப்பு மருத்துவர் வைத்திருக்கிறார். வீட்டின் சாவியை வைத்திருப்பவர்கள் தாயும் தந்தையும் அண்ணனும் அக்காளும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை பெரிய தியாகங்கள் அல்ல. சேர்க்கும் நாளில் சரியான முகவரியும் எண்ணும் கொடுக்க வேண்டும். பார்வை நாளில் தவறாமல் செல்ல வேண்டும். கொண்டு செல்லும் பிரசாதத்தைச் செவிலியரிடம் காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். "எப்போது வீட்டுக்கு?" என்று நோயாளி கேட்டால், "அடுத்த வாரம்" என்ற பொய்யைச் சொல்லாமல், மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். காத்திருப்பதைவிடப் பொய்யான நாளுக்குக் காத்திருப்பதே அவர்களை அதிகம் உடைக்கிறது.

வீடு திரும்பிய பின் கவனம் இன்னும் தேவை. குணமாகிவிட்டது, நேர்த்திக்கடன் செலுத்திவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்துவது மீண்டும் வார்டுக்கு வழி வகுக்கும். மாலை போட்டிருக்கும் காலத்திலும் மருந்து தொடர வேண்டும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் உட்கொள்பவர் நீர் அருந்தாமலோ உப்பைத் தவிர்த்தோ விரதம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். அத்தகையோருக்கு வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி போன்ற நாள்களின் இரவு விழிப்பும் நோயைத் தூண்டக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் இவற்றை மேற்கொள்ளலாகாது. அவருக்காக வீட்டார் ஒருவர் விழித்திருக்கலாம், அவர் உறங்கலாம். அந்த உறக்கமும் இறைவன் ஏற்கும் வழிபாடே.

வீட்டில் யாருக்கேனும் மனம் கலங்கியிருந்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி-மானஸ்' சேவை எந்த நேரத்திலும் கட்டணமின்றி வழிகாட்டுகிறது. பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

மருத்துவமனைகளில் பார்வை நேரம் முடிந்ததும் மணி அடிக்கிறது; உறவினர் எழுகிறார்கள்; கதவு மீண்டும் சாத்தப்படுகிறது. உள்ளே நிற்பவர் கண்கள், வந்தவர்கள் மறையும் வரை அவர்களைத் தொடர்கின்றன. இவர்கள் மீண்டும் வருவார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கண்களில் இருந்தால், சாத்திய கதவு அவரைச் சிறைப்படுத்துவதில்லை. அந்த நம்பிக்கையைக் கொடுக்க எந்த மருந்துக் கடையாலும் இயலாது. அது வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.